ஏழைகள் எப்போதும் இருப்பார்கள் என்றால் நாம் எதற்கு?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்திலிருந்து வந்தவை. மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் கிடக்கிறது, வீட்டில் வரவு நின்றிருக்கிறது, மனசில் இருப்பதை எழுதிவிட்டார்கள். ஏழ்மையை ஒரு கிறிஸ்தவன் எப்படிப் பார்ப்பது, அதற்கு என்ன செய்வது என்பதுதான் எல்லாக் கடிதத்திலும் கேள்வி. பெயர்களை எடுத்துவிட்டு ஐந்துக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, நான் எங்கள் பங்குக் கோயிலில் வின்சென்ட் தே பவுல் சபையில் இருக்கிறேன். மாதாமாதம் பத்து வீட்டுக்கு அரிசி, பருப்பு கொடுக்கிறோம். எட்டு வருஷமாக அதே பத்து வீடுதான். "ஏழைகள் எப்போதும் உங்களோடு இருப்பார்கள் என்று இயேசுவே சொல்லிவிட்டார், நீங்கள் எதை மாற்றப் போகிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. (பாம்பன் வாசகர்)

பதில்: தம்பி, அந்த வசனத்தைப் பாதியில் நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர். மாற்கு 14-ஐ எடுத்துப் பாருங்கள். பெத்தானியாவில் சீமோன் வீட்டுப் பந்தியில் ஒரு பெண் விலை உயர்ந்த தைலத்தை இயேசுவின் தலையில் ஊற்றுகிறாள். 300 தெனாரியத்துக்கு மேல் பெறும், அதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று சிலர் அவளைக் கடிந்துகொள்கிறார்கள். அப்போதுதான் இயேசு இதைச் சொல்கிறார். ஏழைகள் எப்போதும் உங்களோடு இருக்கிறார்கள், நீங்கள் விரும்பும்போதெல்லாம் அவர்களுக்கு நன்மை செய்யலாம். பின்பாதியை விழுங்கிவிட்டால் முன்பாதி ஏதோ தீர்ப்பு மாதிரித்தான் கேட்கும்.

இன்னொன்று. அந்த வார்த்தை இணைச் சட்டம் 15-இல் இருந்து வருகிறது (பழைய மொழிபெயர்ப்பில் உபாகமம்). நம் ஊரில் ஒருவர் "கற்றது கைமண்ணளவு" என்று ஆரம்பித்தால் மீதியை யாரும் சொல்லத் தேவையில்லை, கேட்கிறவர் மனசே முடித்துக்கொள்ளும். அந்தப் பந்தியில் இருந்த யூதர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். சரி, அந்த அதிகாரம் எதைப் பற்றியது? தர்மம் கொடுப்பதைப் பற்றி என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது கடனைப் பற்றியது. ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை கடனைத் தள்ளிவிடு, உங்களுக்குள் ஏழை என்று ஒருவனும் இருக்கக் கூடாது என்று தொடங்குகிறது. ஏழாம் வருஷம் நெருங்குகிறதே, இப்போது கொடுத்தால் திரும்பி வராதே என்று கையை மூடிக்கொள்வதே பாவம் என்று நடுவில் எச்சரிக்கிறது. நாட்டில் ஏழைகள் இல்லாமல் போகமாட்டார்கள், *ஆகையால்* உன் கையைத் திற என்று 11-ஆம் வசனத்தில் வருகிறது. அந்த "ஆகையால்" போய்விட்டால் எல்லாமே போய்விடும்.

உங்கள் பத்து வீட்டைப் பற்றி யோசித்தபோது எனக்கு என் கதைதான் ஞாபகம் வந்தது. நாங்கள் மூன்று வருஷமாக அரிசி கொடுத்துவந்த ஒரு வீடு. அந்த வீட்டு அம்மாவுக்குக் கணவர் இல்லை, கடலில் பாசி எடுக்கப் போகிறவர். விரல் பத்திலும் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றியிருப்பார். பாறையில் பாசியைப் பிய்க்கும்போது அப்படிச் சுற்றாவிட்டால் விரல் கிழிந்துவிடும், சுற்றினாலும் கிழியத்தான் செய்கிறது. ஒரு நாள் அவர் அரிசியை டப்பாவில் கொட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். அந்த அம்மா துணி சுற்றிய விரலோடு சேலை முடிச்சை அவிழ்க்க முடியாமல், பல்லால் கடித்து அவிழ்த்து, ஐநூறு ரூபாய்த் தாளை எடுத்துக் கொடுத்தார். என்ன என்று கேட்டேன். அஞ்சு வட்டிக்குப் பத்தாயிரம் வாங்கியிருக்கிறார். நூற்றுக்கு அஞ்சு என்றால் மாதம் 500, வருஷத்துக்கு 6,000, அசல் அப்படியே நிற்கும். நாங்கள் கொடுத்த அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் சேர்த்தாலும் அந்த ஐநூறுக்குத்தான் வரும். அப்படியென்றால் மூன்று வருஷமும் நாங்கள் கொடுத்தது யாருக்குப் போய்ச் சேர்ந்தது? அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அந்த வீட்டில் உட்கார்ந்து "உனக்கு எவ்வளவு கடன்?" என்று கேட்டதில்லை.

உங்கள் சபையே அப்படித் தொடங்கியதுதான். 1833-இல் பாரிசில் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் அவர் நண்பர்களும், ரோசலி ரெந்து என்ற அருட்சகோதரி வழிகாட்ட, ஏழைகளின் வீட்டுக்கே போனார்கள். இன்றைக்கும் சபையின் உயிர் வீடு சந்திப்புதான். நாம் அரிசிப் பையை வாசலில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். அரிசியை நிறுத்த வேண்டாம் தம்பி, பசிக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. ஆனால் இந்த மாதம் பத்து வீட்டிலும் அரைமணி நேரம் உட்காருங்கள். காசு எந்த ஓட்டை வழியாக ஒழுகுகிறது என்று கேளுங்கள்.

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். தடைக்காலத்துக்கு முன்னாடியே கடன். ஒரு ஜெபக்கூட்டத்தில் விதைக் காணிக்கை போட்டால் நூறு மடங்காகத் திரும்பும் என்றார்கள். தோட்டை அடகு வைத்து 5,000 கொடுத்தேன். ஆறு மாசம் ஆகிவிட்டது. "உன் விசுவாசம் போதாது, வீட்டில் ஏதோ பாவம் இருக்கிறது" என்கிறார்கள். அவருக்கு இன்னும் தெரியாது. (தங்கச்சிமடம் வாசகி)

பதில்: தங்கச்சி, முதலில் இதைக் கேள். உன் கஷ்டம் உன் பாவத்துக்கு வந்த கூலி இல்லை. யார் சொன்னாலும் நம்பாதே. பிறவியிலேயே பார்வை இல்லாதவரைக் காட்டி "இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா?" என்று சீடர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவன் பெற்றோரும் இல்லை என்று இயேசு அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார் (யோவான் 9). யோபுவின் நண்பர்களும் இப்படித்தான் அவர் சாம்பலில் உட்கார்ந்திருக்கும்போது பாவத்தைத் தேடினார்கள். கடைசியில் கடவுள் யார் மேல் கோபப்பட்டார்? அந்த நண்பர்கள் மேல்தான்.

உன்னிடம் அந்த ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசுக் கதையையும் சொல்லியிருப்பார்கள். மாற்கு 12-இல் அதற்கு நேர் முந்தின வசனத்தைப் படி. நீண்ட நேரம் ஜெபம் செய்வதாகக் காட்டிக்கொண்டு கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிறவர்களுக்குக் கடும் தண்டனை வரும் என்று இயேசு சொல்கிறார். சொன்ன கையோடு, பிழைப்புக்கு வைத்திருந்த எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போகிற அந்தப் பெண்ணைச் சீடர்களுக்குக் காட்டுகிறார். அவள் மனசை அவர் மெச்சினார், சந்தேகமே இல்லை. ஆனால் ஏழைகளெல்லாம் போய் இப்படியே செய்யுங்கள் என்று அங்கே எங்கேயும் இல்லை. அடுத்த அதிகாரத்தில் அந்தக் கோவில் கல்லின் மேல் கல் இல்லாமல் இடியும் என்கிறார். எனக்கு அந்த மூன்றையும் சேர்த்துப் படிக்கும்போது அவர் குரலில் வேதனைதான் கேட்கிறது. பவுலும் எருசலேம் ஏழைகளுக்காகக் காணிக்கை திரட்டும்போது, ஒருவரிடம் இருப்பதற்கு ஏற்பக் கொடுத்தால் போதும், இல்லாததற்கு ஏற்ப அல்ல என்று தெளிவாக எழுதினார் (2 கொரிந்தியர் 8). பவுல் கேட்டதே ஏழைகளுக்காகத்தான். ஏழையிடம் தோட்டைக் கழற்றச் சொல்கிற காணிக்கையை வேதத்தில் நான் பார்க்கவில்லை.

அப்புறம், செய்ய வேண்டியது. இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடு. கோபப்படுவார், ஆனால் தனியாகச் சுமக்கிற கடன் இரட்டைப் பாரம். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் உங்கள் குடும்பத்துக்கு வந்துவிட்டதா என்று வங்கிப் புத்தகத்தைப் பதிந்து பார். வரவில்லை என்றால் மீன்துறை அலுவலகத்தில் ஆதார், ரேஷன் கார்டோடு கேள். மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நீ 1,500 கட்டியிருந்தால் அரசு பங்கும் சேர்ந்து 4,500 வரும், அதில் சேர்ந்திருக்கிறாயா என்றும் விசாரி. இது பிச்சை இல்லை, உன் உரிமை. கேட்கக் கூச்சப்படாதே. தோட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கேள்வி: நான் மீன் வியாபாரி. படகுக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்துத் தொழில் செய்கிறேன், கோயிலுக்கும் தாராளமாகக் கொடுக்கிறேன். ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. "உழைக்க மனமில்லாதவன் உண்ணவும் கூடாது" என்று பவுலே சொல்லியிருக்கிறார். இங்கே பாதிப் பேர் சம்பாதித்ததைக் குடித்தே அழிக்கிறார்கள். இவர்களுக்கு எதற்கு உதவி? (மண்டபம் வாசகர்)

பதில்: அண்ணன், கோபம் இல்லை. இதை மனசுக்குள் வைத்துக்கொண்டு வெளியே தலையாட்டுகிறவர்களை விட நீங்கள் மேல்.

பவுல் சொன்ன வார்த்தை "மனமில்லாதவன்". தெசலோனிக்காவில் வேலையை விட்டுவிட்டு ஊர் வம்பு பேசித் திரிந்தவர்களுக்கு அவர் எழுதியது அது. நம் கடற்கரையில் வேலை எப்படிக் கிடைக்கிறது என்று என்னை விட உங்களுக்குத் தெரியும். ராமேஸ்வரத்தில் விசைப்படகு திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகலாம். மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. அந்த மூன்று நாளிலும் காற்று அடித்தால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. எல்லாம் தாண்டிப் போனால் இலங்கைக் கடற்படை பிடித்துப் படகையும் வைத்துக்கொள்கிற பயம். பாசி எடுக்கிற பெண்களுக்கு 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து தீவுப் பக்கம் போவதே தடை. கடலைக் காக்க வேண்டும்தான், நானும் அதை மறுக்கவில்லை. ஆனால் அதன் விலையை அந்தப் பெண்களின் தலையில் மட்டும் ஏற்றினோம். இவர்களில் உழைக்க மனமில்லாதவர் யார்?

குடியைப் பற்றிச் சொன்னது உண்மை, அதை மூடி மறைக்க மாட்டேன். எத்தனை வீட்டில் அதனால் பெண்கள் அடி வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட வீட்டில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை நேராகப் பள்ளியில் கட்டுங்கள், மருந்தை வாங்கிக் கொடுங்கள், குடியை விட நினைக்கிறவனைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போக ஒரு ஆளை அனுப்புங்கள். அப்பன் குடிக்கிறான் என்பதற்காகப் பிள்ளை பசித்திருக்கட்டும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் முன்பணத்துக்கு வட்டி இல்லை என்பீர்கள். ஆனால் வாங்கியவர் மீனை உங்களிடம்தானே போட வேண்டும்? நீங்கள் சொல்கிற விலைக்கு? பக்கத்து ஏலத்தில் நண்டு கூடுதலாகப் போனாலும் அவர் அங்கே போக முடியாதே. இணைச் சட்டம் 24-இல், மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகாக வாங்காதே, அது உயிரையே அடகு வாங்குவது என்று இருக்கிறது. ஒருவர் எதை வைத்துப் பிழைக்கிறாரோ அதைப் பிடித்து வைக்காதே என்றுதான் அதற்குப் பொருள். வலையில் ஏறுகிற மீன் எல்லாம் முன்கூட்டியே உங்களுடையது என்றால், அந்தத் திரிகைக் கல் இப்போது யார் வீட்டில் இருக்கிறது? கி.பி. 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம், ஞாயிறுதோறும் நாம் சொல்கிற விசுவாசப் பிரமாணத்துக்கு அடித்தளம் போட்ட அதே சங்கம், வட்டிக்கு விடுகிற குருக்களைப் பதவியிலிருந்து நீக்கவும் சொன்னது, 17-ஆவது விதி. பிரமாணத்தை வைத்துக்கொண்டு இதை மறந்துவிட்டோம்.

கோயிலுக்குக் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டாவது ஏல விலையை அப்படியே கொடுங்கள் அண்ணன். உங்கள் கையால் பத்து வீடு நிமிரும். வேறு யாராலும் இவ்வளவு சீக்கிரம் முடியாது, அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

கேள்வி: எங்கள் தெருவில் எல்லாரும் கலந்து இருக்கிறோம். பங்கில் கொடுக்கிற உதவி நம் ஆட்களுக்கு மட்டும்தானா? (கீழக்கரை வாசகி)

பதில்: நல்ல சமாரியர் கதையைக் கேட்டபிறகும் இந்தக் கேள்வி நமக்குள் வருவதுதான் எனக்கு வருத்தம். அடிபட்டுக் கிடந்தவனிடம் அந்தச் சமாரியர் ஜாதியும் மதமும் விசாரிக்கவில்லை. உங்கள் ஊர் முஸ்லிம் சகோதரிகளிடம் ஜகாத் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சேமிப்பில் நூற்றுக்கு இரண்டரை, கணக்குப் பார்த்து வருஷாவருஷம் கொடுப்பது. அது போய்ச் சேர வேண்டியவர்கள் என்று குர்ஆன் சொல்கிற எட்டு வகையில் கடனில் மூழ்கியவர்களும் ஒரு வகை. நம் பங்கின் உதவிப் பட்டியலில் அப்படி ஒரு வகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: அக்கா, எங்கள் அன்பியத்தில் (பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த பங்குக் குழு) 22 குடும்பம். திருவிழாவுக்கு வீட்டுக்கு 2,000 வரி. பந்தல், சீரியல் லைட், பேண்டு எல்லாம் உண்டு. அதே தெருவில் குழு லோன் கட்ட முடியாமல் ஒரு குடும்பம் ராத்திரியோடு ராத்திரியாகத் திருப்பூர் போய்விட்டது. எனக்கு அந்த லைட்டைப் பார்க்கவே முடியவில்லை. நாங்கள் என்ன செய்யலாம்? (மூக்கையூர் வாசகர்)

பதில்: திருவிழாவை நிறுத்துங்கள் என்று நான் சொல்லமாட்டேன். தைலத்தை ஊற்றிய பெண்ணை இயேசு தடுக்கவில்லை. வருஷம் முழுக்கக் கவலையில் இருக்கிறவருக்கும் ஒரு நாள் தேர் பார்க்க வேண்டும், புதுச் சட்டை போட வேண்டும். ஆனால் வரி கட்ட முடியாதவர் கடன் வாங்கிக் கட்டுகிற நிலை வந்தால் அது தவறு. நான்காம் நூற்றாண்டில் பின்னாளில் ஆயரான யோவான் கிறிசோஸ்தோம் என்ற குரு பிரசங்கத்தில் கேட்டார், உள்ளே கிறிஸ்துவைப் பட்டால் மூடிவிட்டு வெளியே அதே கிறிஸ்து குளிரில் ஆடையில்லாமல் கிடப்பதைக் கண்டுகொள்ளாமல் போவீர்களா என்று. திருப்பூர் போன அந்தக் குடும்பத்தைத்தான் எனக்கு அது ஞாபகப்படுத்துகிறது.

நம் பக்கத்துக் கடற்கரையிலேயே நடந்த ஒன்று. திருவனந்தபுரத்துக்கு அருகே மரியநாடு என்ற ஊரில், மறைமாவட்டம் குடியமர்த்திய மீனவர்கள் 1970 வாக்கில் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். சமூகப் பணியாளர்கள் சிலர் அங்கேயே தங்கி உடன் நின்றார்கள். முதலில் அவர்கள் கையில் எடுத்தது ஏலத்தைத்தான். மீன் கரைக்கு வந்ததும் யார் விலை வைப்பது? சங்கமே ஏலம் விட்டது. விற்ற பணத்தில் ஒரு சிறு பங்கைப் பிடித்துச் சேமிப்பிலும் கடன் தவணையிலும் போட்டது. மீன் கிடைத்த நாளில் தவணை போகும், கிடைக்காத நாளில் யாரும் வாசலில் வந்து நிற்கமாட்டார்கள். அது குமரி மாவட்டம் வரை பரவி, 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பானது. சண்டை சச்சரவு இல்லாமல் எதுவும் நடக்கவில்லை, வியாபாரிகள் லேசில் விடுவார்களா. ஆனாலும் நின்றார்கள்.

22 குடும்பத்தால் ஏலத்தை உடனே எடுக்க முடியாதுதான். சின்னதாகத் தொடங்குங்கள். எங்கள் அன்பியத்தில் மாதம் வீட்டுக்கு நூறு ரூபாய், ஒரு நாற்பது பக்க நோட்டு, வட்டி கிடையாது. அந்தப் பாசி எடுக்கிற அம்மாவின் பத்தாயிரத்தைத்தான் முதலில் அடைத்தோம். எட்டு மாசம் ஆனது. பிறகு அவர் எங்களுக்கு மாதம் ஐநூறு கட்டினார், அதே ஐநூறுதான், ஆனால் இந்தத் தடவை அசல் குறைந்தது. இருபதாவது மாதம் நோட்டில் அவர் பெயருக்கு நேரே கோடு போட்டோம். எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்லமாட்டேன். இரண்டு குடும்பம் திருப்பிக் கட்டவில்லை. ஒருவரால் முடியவில்லை, இன்னொருவர் ஏமாற்றினார். கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். கடைசியில் இணைச் சட்டம் 15-ஐ வாசித்துவிட்டு இரண்டையும் தள்ளினோம், ஏமாற்றியவருக்கு மட்டும் மறுபடி கொடுக்கவில்லை. எனக்கு அந்த முடிவு சரியா என்று இன்னும் உறுத்துகிறது.

மீனவர்களுக்கும் 2018-19 முதல் கிசான் கிரெடிட் கார்டு என்ற வங்கிக் கடன் அட்டை உண்டு. வங்கி அலையவிடும், ஆள் தெரியாது என்று திருப்பி அனுப்பும். அன்பியத்தில் படித்த பிள்ளை ஒருவர் கூடவே போய் உட்கார்ந்தால் அலைச்சல் பாதியாகும். இதுவும் இறைப்பணிதான், ஜெபமாலை முடிந்ததும் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள்.

தங்கச்சிமடம் தங்கச்சிக்கு. உன் தோடு அடகுக் கடையில் இருந்தால் மாதத்துக்கு மாதம் வட்டி ஏறும். கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் வட்டி குறைவு, அங்கே மாற்றி வைக்கலாம். மாற்றுவதற்கு முதலில் இங்கே மீட்க வேண்டுமே என்று கேட்பாய். எங்கள் நோட்டில் இப்போது கொஞ்சம் பணம் இருக்கிறது, கூட்டத்தில் பேசிவிட்டேன், யாருக்கும் ஆட்சேபணை இல்லை. அடகுச் சீட்டில் போட்டிருக்கும் கடைசித் தேதி எது, இதுவரை வட்டி எவ்வளவு கட்டியிருக்கிறாய் என்று மட்டும் இந்த வாரத்துக்குள் எழுது. சீட்டைத் தொலைத்துவிடாதே.